கையை ஒளிக்காதே!

பஸ்ஸில் ஏறியதும் அம்மாவின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். பார்த்தவர்கள் பாசம் என்று நினைத்திருப்பார்கள். பாசமில்லை. கையைப் பிடித்துக்கொண்டால் அம்மாவால் பேச முடியாது. அதற்காகத்தான் பிடித்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் காது கேட்காது. எங்கள் வீட்டில் சண்டை, சமாதானம், கதை, கணக்கு எல்லாமே கைகளால்தான். வீட்டுக்குள் அது என் தாய்மொழி. திருநெல்வேலி ஜங்ஷனில் கால் வைத்துவிட்டால் அதுவே என் வெட்கம். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், ஒரு பையன் கையை ஆட்டிக் கேலி செய்வான் என்ற பயத்தில், பெற்றவளின் வாயைப் பொத்துகிற வேலையைத்தான் அந்த வயதில் நான் செய்துகொண்டிருந்தேன்.

இதை உன்னிடம் ஏன் சொல்கிறேன் தெரியுமா? நீயும் எங்கேயோ ஒரு பஸ்ஸில் அப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். அண்ணனுக்குக் காது கேட்காது என்பதைக் கல்லூரியில் மறைத்து வைத்திருக்கிறாய். அப்பா போன் பேச மாட்டார் என்பதற்கு ஆயிரம் காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறாய். போதும். விடு அந்தக் கையை. நீ மறைக்கிற மொழி தெரிந்த ஆள் கிடைக்காமல் ஆஸ்பத்திரியும் போலீஸ் ஸ்டேஷனும் நீதிமன்றமும் திண்டாடிக்கொண்டிருக்கின்றன.

என் பதின்மூன்றாம் வயதில் அம்மாவை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அம்மாவைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, “கர்ப்பப்பையை எடுக்கணும், அம்மாகிட்ட சொல்லும்மா” என்றார். அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். அதற்குச் சைகை தெரியாது. வயிற்றைத் தொட்டுக் காட்டி, “கட்டி இருக்கிறது, எடுத்துவிடுவார்கள், சரியாகிவிடும்” என்று சொன்னேன். அம்மா தலையாட்டினாள். நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள். இனி பிள்ளை பிறக்காது என்பது மூன்று மாதம் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா எழுதிக் காட்டியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அன்று ராத்திரி அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்த டாக்டர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அறையில் ஓர் ஆள் குறைந்தார். இரண்டு மொழியும் தெரிந்த, மருத்துவச் சொற்கள் தெரிந்த, பயப்படாத ஓர் ஆள். இன்று அந்த ஆளாக நான் இருக்கிறேன். என்னைப் போல இன்னும் பல நூறு பேர் வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு உரக்கக் கூப்பிடுகிறேன்.

கணக்கைப் பார். செவித்திறன் குறைபாடு உடையவர்கள் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிவானவர்கள் மட்டும் நாடு முழுக்க 50 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். ஒரு மாவட்டத்தில் நீதிமன்றத்துக்குத் திடீரென்று சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால், பக்கத்து மாவட்டத்துக்குப் போன் போகிறது. அங்கேயும் இல்லையென்றால் வாய்தா. காது கேளாதவரின் வழக்கு சட்டம் இல்லாமல் நிற்பதில்லை, சொல்ல ஆளில்லாமல் நிற்கிறது.

சட்டம் நம் பக்கம் எத்தனை காலமாக இருக்கிறது என்று தெரிந்தால் உனக்கு ரத்தம் சூடேறும். 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்திலேயே, பேச முடியாத சாட்சி எழுதியோ சைகையாலோ சாட்சி சொல்லலாம், அதை வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ள வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். வாய்மொழி! கையால் சொன்னதை வாயால் சொன்னதாகவே ஏற்றுக்கொண்டது சட்டம். ஆனால் எட்டே ஆண்டுகளில், 1880இல், இத்தாலியின் மிலான் நகரத்தில் காதுகேளாதோர் பள்ளி ஆசிரியர்கள் மாநாடு கூடி, வகுப்பறையில் சைகை வேண்டாம், உதட்டைப் பார்த்துப் பேசக் கற்கட்டும் என்று தீர்மானம் போட்டது. அங்கே கூடியிருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே காது கேட்பவர்கள். அந்தத் தீர்மானம் பிள்ளைகளின் கைகளைக் கட்டிப்போட்டது. அதற்கு வருத்தம் தெரிவிக்க அதே மாநாடு 2010இல் வான்கூவரில் கூட வேண்டியிருந்தது. நூற்று முப்பது வருடம்!

2013இல் நம் நாட்டுச் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டது. பேச முடியாத சாட்சியிடம் வாக்குமூலம் பெறும்போது நீதிமன்றம் மொழிபெயர்ப்பாளரின் அல்லது சிறப்பாசிரியரின் உதவியைப் பெற வேண்டும், அதை வீடியோவில் பதிய வேண்டும் என்று சேர்த்தார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது நடப்பில் இருக்கிற பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 125ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டமும் குழந்தையின் வாக்குமூலத்துக்குத் தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரை அழைக்க இடம் தருகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொடர்பு முறை என்பதன் விளக்கத்திலேயே சைகைகளைச் சேர்த்திருக்கிறது. ஆக, ஓர் அலுவலகத்தின் வாசலில் நிற்கும்போது நீ தயவு கேட்டு வந்த ஆள் இல்லை. சட்டம் காலியாக வைத்திருக்கிற நாற்காலியில் உட்கார வந்த ஆள். “கொஞ்சம் ஓரமா நில்லும்மா” என்று யாராவது சொன்னால் நகராதே. “நான் மொழிபெயர்ப்பாளர். உங்களுக்குப் பக்கத்தில் நின்றால்தான் அவருக்கு உங்கள் முகமும் என் கையும் சேர்ந்து தெரியும்” என்று நிதானமாகச் சொல். ஒரு தடவை சொல்லிப் பார், எல்லாரும் ஒதுங்கி இடம் விடுவார்கள்.

தைரியம் என்றால் சத்தமாகப் பேசுவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்தத் தொழிலில் தைரியம் என்பது ஒரே ஒரு சொல்: நிறுத்துங்கள். “நிறுத்துங்கள், எனக்குப் புரியவில்லை.” “நிறுத்துங்கள், அவருக்குப் புரியவில்லை.” பத்துப் பேர் அவசரப்படுகிற அறையில் இதைச் சொல்ல நெஞ்சு வேண்டும். பரிசோதனை முடிவு ‘பாசிட்டிவ்’ என்று டாக்டர் சொல்கிறார். பாசிட்டிவ் என்றால் நல்லது என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டால், நோய் இருப்பவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுவார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவனுக்கு வெட்கமில்லை, ஊகித்துச் சொல்கிறவனுக்குத்தான் வெட்கம் வேண்டும்.

தலையாட்டலை மட்டும் நம்பாதே. வாழ்நாள் முழுக்கப் புரியாமலேயே தலையாட்டிப் பழகியவர்கள் எங்கள் மக்கள். கேட்டால் எரிச்சல்படுவார்கள், திரும்பக் கேட்டால் கத்துவார்கள், தலையாட்டிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று இந்த உலகம்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது. அந்தத் தலையாட்டலுக்கு மேல் எத்தனை கையெழுத்துகள், எத்தனை கைரேகைகள்!

ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். காது கேளாத ஒரு பெண்ணை அவளுடைய அண்ணன்மார் கூட்டிவந்திருந்தார்கள். அவளுடைய பள்ளித் தோழி சந்தேகப்பட்டு வீடியோ காலில் என்னை அழைத்ததால் நானும் போயிருந்தேன். “நாங்களே சொல்லிக்கிறோம், நீ எதுக்கு?” என்றார் மூத்தவர். தங்கையைப் பார்த்து, கையெழுத்துப் போடு என்பது போல் விரலை ஆட்டினார். அவள் பேனாவை எடுத்துவிட்டாள். நான் அதிகாரியிடம், “ஐயா, பத்திரத்தில் இருப்பதை வாசித்து அவரிடமே கேளுங்கள், நான் மொழிபெயர்க்கிறேன்” என்றேன். அவர் நல்ல மனிதர், கேட்டார். அது விடுதலைப் பத்திரம். அப்பா விட்டுப்போன வீட்டில் அவளுடைய பங்கை அவளே விட்டுக்கொடுக்கிறாள் என்று எழுதியிருந்தது. வாசித்ததை வாசித்தபடி என் கை சொன்னது. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை, போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. அவள் பேனாவை மேசையில் வைத்தாள். அண்ணனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதை நான் குரலாக்கினேன்: “இத்தனை வருஷம் ஏன் எனக்குச் சொல்லவில்லை?”

அறை அமைதியாகிவிட்டது. அன்று நான் அவளுக்காக வாதாடவில்லை. அவள் தனக்காகக் கேட்ட கேள்வி, கேட்க வேண்டியவர்கள் காதில் விழுந்தது. நம் தொழில் இவ்வளவுதான். இதைவிடப் பெரிய தொழில் ஒன்று இருந்தால் எனக்குக் காட்டு!

கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அதனால்தான் இது தொழில். வள்ளுவர் குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பைப் பொருட்பாலில் ஓர் அதிகாரத்துக்கும் காமத்துப்பாலில் ஓர் அதிகாரத்துக்கும் வைத்தார். முகத்தைப் படிப்பதை இரண்டு தடவை பாட வேண்டிய கலையாக அவர் நினைத்திருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். சைகை மொழியில் முகம் இலக்கணம். புருவம் உயர்ந்தால் கேள்வி, தலை பக்கவாட்டில் அசைந்தால் மறுப்பு. ‘கொடு’ என்ற சைகை என்னிடமிருந்து உன் பக்கம் போனால் நான் உனக்குக் கொடுத்தேன், உன்னிடமிருந்து என் பக்கம் வந்தால் நீ எனக்குக் கொடுத்தாய். தமிழில் உருபு செய்கிற வேலையை அங்கே திசை செய்கிறது. இந்தியச் சைகை மொழியில் கேள்விச் சொல் கடைசியில் வரும். ‘உன் பெயர் என்ன?’ என்று நாம் தமிழில் கேட்கிற வரிசைதான். தமிழ் பேசுகிற உனக்கு இதில் பாதி வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது.

வீட்டில் காது கேளாதவர் யாரும் இல்லையே, எனக்கு வருமா என்கிறாயா? வரும். டில்லியில் 2015இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் இரண்டு வருட மொழிபெயர்ப்புப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். அவர்கள் வெளியிட்ட சைகை அகராதி 2018இல் 3,000 சொற்களோடு வந்தது, 2021இல் 10,000 சொற்களைத் தொட்டது. இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் அகராதியோடு நின்றுவிடாதே. காது கேளாதோர் சங்கக் கூட்டத்தில் போய் உட்கார். தேநீர் குடி. அவர்கள் பேசும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஆறு மாதம் தவி. ஒருநாள் உன் மூக்கையோ கன்னத்துக் குழியையோ சிரிப்பையோ வைத்து உனக்கு ஒரு பெயர்ச் சைகை வைப்பார்கள். அதை நீயே உனக்கு வைத்துக்கொள்ள முடியாது. எனக்கு வைத்த பெயர், இடுப்பில் கையை ஊன்றுவது. யாராவது அவர்களை அலட்சியம் செய்தால் நான் அப்படித்தான் நிற்பேனாம்.

அரைகுறையாகக் கற்றுக்கொண்டு மேடை ஏறாதே. 2013 டிசம்பரில் ஜோஹன்னஸ்பர்க்கில் நெல்சன் மண்டேலாவுக்கு நடந்த அஞ்சலிக் கூட்டத்தில், உலகத் தலைவர்கள் பேசப் பேசப் பக்கத்தில் ஒருவர் நின்று பொருளே இல்லாமல் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். கேட்பவர்கள் யாருக்கும் தெரியவில்லை. காது கேளாதவர்கள்தான் இது மொழியே இல்லை என்று உலகத்துக்குச் சொன்னார்கள். உன்னை மதிப்பிடும் தகுதி அவர்களுக்கே உண்டு. மேடையில் இருப்பவர்கள் தட்டுகிற கையை நம்பி ஏமாந்துவிடாதே.

இன்னொன்று. ஒரு கவுண்டரில், “இந்த ஊமைக்கு என்ன வேணுமாம்?” என்று உன்னிடம் கேட்பார்கள். கோபம் வரும். பூசி மெழுகத் தோன்றும். மெழுகாதே. சொன்னதைச் சொன்னபடி கையில் சொல். தன்னை யார் எப்படிப் பேசினார்கள் என்று தெரிந்துகொள்வதும் அவருடைய உரிமை. அதற்கு அவர் என்ன பதில் தருகிறாரோ அதையும் அதே காரத்தோடு குரலில் கொடு. நான் ஒருமுறை அப்படிச் செய்தபோது, அந்த ஊழியர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன்.

பணம் பற்றி வாய் கூசாமல் பேசு. “சேவைதானே, சும்மா வந்துட்டுப் போங்க” என்பார்கள். அரசு விழாவுக்குப் பந்தல் போடுகிறவருக்குக் கூலி உண்டு, மைக் செட்டுக்கு வாடகை உண்டு, மொழிக்கு மட்டும் கிடையாதா? அரைமணி நேரம் தொடர்ந்து மொழிபெயர்த்தால் மூளையும் தோள்பட்டையும் களைத்துவிடும், தவறு வரத் தொடங்கும். அதனால் நீண்ட கூட்டத்துக்கு இரண்டு பேரைக் கேள். கூலியையும் பயணச் செலவையும் முன்கூட்டியே எழுத்தில் கேள். நீ இலவசமாகப் போனால், அடுத்து வருகிற பிள்ளையும் இலவசமாகவே போக வேண்டியிருக்கும். பிறகு இந்தத் தொழிலுக்கு யார் வருவார்கள்? மறுபடியும் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளைதான் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் நிற்கும்.

2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காதுகேளாத வழக்கறிஞர், சைகை மொழிபெயர்ப்பாளர் சௌரவ் ராய்சௌத்ரியின் துணையோடு, காணொளி வழியே உச்ச நீதிமன்றத்தில் ஆஜரானார். அந்தச் செய்தியை அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா சாராவைப் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கட்டத்தில் அசைந்துகொண்டிருந்த கைகளைக் காட்டி, “இது நீ” என்றாள். அம்மா அதைச் சொல்லும்போது அவள் கைகளை நான் பிடிக்கவில்லை. அவள் பேசட்டும் என்று விட்டிருந்தேன்.

வருகிற திங்கட்கிழமை காலை உன் ஊர்க் கலெக்டர் அலுவலகத்துக்குப் போ. குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும். மனு எழுதிக் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருக்கிற மரத்தடியில் கொஞ்ச நேரம் நில். கையில் ஒரு தாளோடு, எல்லார் வாயையும் மாறி மாறிப் பார்த்தபடி ஒருவர் நிற்பார். யாரும் அவரிடம் பேச மாட்டார்கள். அவர் முன்னால் போய் நில். கையை நெஞ்சுக்கு நேரே உயர்த்து. ‘உங்கள் பெயர் என்ன?’ என்று கேள்.