எந்தப் பட்டியலில் எழுதுவது?

கார்த்திகை மாதத்தில் மரித்தோரின் பெயர்களை எழுதிக் கொடுப்பது நம் குடும்பங்களின் வழக்கம். அப்படி வந்த ஒரு தாய், கணவனின் பெயரையும் மாமியாரின் பெயரையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். "சுவாமி, மகனை எதிலை எழுதிறது? செத்த ஆக்களோடை எழுதினால் நானே அவனைச் சாக்காட்டினமாதிரி. எழுதாமல் விட, அவன் எங்கட செபத்துக்குக் காத்துக்கொண்டிருந்தால்?" குருமடத்தில் படித்த எதுவும் அவ்வேளை எனக்குக் கைகொடுக்கவில்லை.

காணாமற்போனோரைத் தேடும் நாடுகளில் இத்தகைய தாய்மாரிடம் இன்னொன்றும் கேட்கப்படுகிறது. அகழ்ந்தெடுத்த எலும்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சில துளி இரத்தம். அதைக் கொடுப்பது பிள்ளையைக் கைவிடுவதாகுமா?

ஆர்ஜென்டீனாவின் தாய்மார் இக்கேள்வியோடு நெடுங்காலம் போராடினார்கள். 1976 முதல் 1983 வரை அங்கே இராணுவ ஆட்சி. பிள்ளைகளைத் தேடித் தலைநகர்ச் சதுக்கத்தில் கூடிய தாய்மாரை முதலில் ஒன்றுதிரட்டியவர் அசுசேனா வில்லாபுளோர். 1977 டிசம்பரில் அவரும், வேறு இரு தாய்மாரும், இரு பிரெஞ்சு அருட்சகோதரிகளும் உட்படப் பன்னிருவர் கடத்தப்பட்டனர். பலர் பிடிபட்டது சாந்தா குரூஸ் ஆலயத்தடியில். சகோதரனைத் தேடுபவனாக நடித்து அவர்களிடையே புகுந்திருந்தவன் ஒரு கடற்படை அதிகாரி. தேடியவர்களே தேடப்படுவோர் ஆயினர்.

அதே மாதம் அத்திலாந்திக் கரையில் சடலங்கள் ஒதுங்கின. ஜெனரல் லவாலே என்னும் ஊரின் மயானத்தில் அவை 'என்.என்.' என்ற குறியோடு புதைக்கப்பட்டன. இலத்தீனில் அதனை 'பெயர் அறியேன்' என்று விரிப்பார்கள். உண்மையில், பெயர் அறிந்தவர்கள் இருந்தார்கள்.

1984இல் அமெரிக்க எலும்பியல் அறிஞர் கிளைட் ஸ்னோ அங்கு சென்று, சில மாணவரைப் பழக்கினார். அவர்கள் அமைத்த குழுவின் வேலை மண்வெட்டியோடு தொடங்குவதில்லை. மயானப் பதிவேடு, பொலிஸ் ஏடு, சடலத்தைப் பார்த்த வைத்தியரின் குறிப்பு ஆகியவற்றைத் தேடிப் படித்த பின்னரே தோண்டுவார்கள். எலும்பிலே வயது, உயரம், பழைய முறிவு, பல் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பின்னர் உறவினரின் மரபணுவோடு ஒப்பிடுவார்கள். 2005இல் அம்மூன்று தாய்மாரும் அருட்சகோதரி லெயோனி டுக்கேயும் அடையாளம் காணப்பட்டனர். உயரத்திலிருந்து விழுந்த முறிவுகள் எலும்புகளில் இருந்தன. விமானத்திலிருந்து கடலில் வீசப்பட்டவர்கள் அவர்கள். அத்தாய்மாரில் ஒருவரான எஸ்தர் பல்லெஸ்திரினோ, பிற்காலத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் ஆன இளைஞருக்கு ஆய்வுகூடத்தில் மேலதிகாரியாய் இருந்தவர். மற்ற அருட்சகோதரி அலிஸ் டொமோன் இன்னும் கிடைக்கவில்லை.

ஆனால் தாய்மார் எல்லோரும் அகழ்வை வரவேற்கவில்லை. 1986இல் அவர்களது இயக்கம் இரண்டாகப் பிரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கொன்றவன் யார் என்று சொல்லாமல் எலும்பை மட்டும் நீட்டி வழக்கை முடிக்கப் பார்க்கிறார்கள் என்றது ஒரு சாரார். இதை வெறும் தாய்ப்பாசத்தின் பிடிவாதம் என்று நானும் ஒருகாலம் எண்ணியதுண்டு. அது தவறு. அந்த வருடமும் அடுத்த வருடமும் அதிகாரிகளைக் காப்பாற்றும் சட்டங்கள் அங்கே வந்தன. தாய்மாரின் அச்சம் மெய்யானது. எனினும், எலும்புகள் வழக்கை முடித்துவைக்கவில்லை. அச்சட்டங்களை 2005இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. 2011இல் அந்தக் கடற்படை அதிகாரிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஊமையாகட்டும் என்று கடலில் வீசப்பட்டவர்கள் சாட்சிகளாய்த் திரும்பி வந்தார்கள்.

ஆகவே இரத்தம் கொடுக்கும் தாய் "என் மகன் செத்தான்" என்று சொல்லவில்லை. "இவன் என் மகனானால் பெயரில்லாமல் விடாதீர்கள்" என்கிறாள். எலும்பும் விசாரணையும் இன்றி மரணச் சான்றிதழில் கையொப்பமிடச் சொல்வது முற்றிலும் வேறு. அங்கே கொலைகாரனின் வாக்குமூலத்தைத் தாயின் வாயிலிருந்து வாங்கப் பார்க்கிறார்கள். மறுக்க அவளுக்கு உரிமை உண்டு. இரத்தம் கொடுக்க மனம் இசையாத தாயையும் எவரும் நெருக்கலாகாது.

2025 ஆகஸ்ட் 5ஆம் திகதி, செம்மணி சித்துப்பாத்தி மயானப் புதைகுழியில் கிடைத்த உடைகளும் பொருட்களும் மக்கள் அடையாளம் காண்பதற்காக வைக்கப்பட்டன. பார்க்கப் போவதா விடுவதா என்று எத்தனை வீடுகளில் அன்று வாய்விட்டுப் பேசாமலே யோசித்திருப்பார்கள்!

அந்தத் தாயின் மகன் பெயரை நான் மரித்தோர் பட்டியலில் எழுதவில்லை. வேறொரு தாளில் எழுதி, தலைப்பு எதுவும் இடாமல் பீடத்தில் வைத்தேன். இப்போது அந்தத் தாளில் பதினேழு பெயர்கள் இருக்கின்றன.