அடைக்க முடியாத மதகு

மாமா பேச்சிப்பாறை அணையில் லஸ்கராக இருந்தவர். மதகைத் திறப்பதும் அடைப்பதும் வேலை. கன்னிப்பூ நடவுக்குத் தண்ணீர் விடும்போது எல்லோருக்கும் சந்தோஷம். கீழே எங்கேயாவது கால்வாய் உடைந்தால், அதே ஆட்கள்தான் "முதல்ல அடையும்" என்று ஓடி வருவார்கள். 1906இல் கட்டி முடித்த அணை. கோதையாற்றுத் தண்ணீர் ஒன்றுதான். ஆனால் அது பிரிகிற இடத்தில் அடைக்க ஒரு ஷட்டர் இருக்கும், அதற்கு ஒரு ஆளும் இருப்பார்.

நான் செய்கிற தொழிலில் இந்த ஷட்டரைப் பலமுறை மறந்திருக்கிறோம். விண்டோஸ் 98இலிருந்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைப் பிரிக்கவே முடியாது என்று மைக்ரோசாப்ட் நீதிமன்றத்தில் வாதாடியது. அந்த வழக்கு வியாபாரப் போட்டி பற்றியது. பாதுகாப்புக்கான விலை 2001 செப்டம்பரில் நிம்டா வைரஸாக வந்தது. வலைப்பக்கத்தைக் காட்டும் அதே எஞ்சின்தான் அவுட்லுக்கில் மெயிலையும் காட்டியது. எனவே மெயிலை முன்னோட்டத்தில் பார்த்தாலே போதும், வைரஸ் தானாக ஓடிற்று. பிரௌசரைத் திறக்காதவருக்கும் பிரௌசரின் ஓட்டை. 2022இல் எக்ஸ்ப்ளோரருக்கு ஓய்வு கொடுத்தார்கள். எஞ்சின் உள்ளேயே கிடந்தது. ஒரு ஷார்ட்கட் ஃபைல் மூலம் அதை எழுப்பித் தாக்கினார்கள். 2024 ஜூலையில் அதற்கும் ஒட்டுப் போட வேண்டியிருந்தது.

ஆண்டிராய்டில் இதன் பெயர் வெப்வியூ. செயலிக்குள் வலைப்பக்கம் காட்டும் பகுதி. 4.4 வரைக்கும் அது சிஸ்டத்தோடு தைக்கப்பட்டிருந்தது. 2014இல் வந்த 5.0இல்தான் தனியாகப் புதுப்பிக்கும்படி பிரித்தார்கள். 4.3 வரையிலான பழைய வெப்வியூவை இனி சரிசெய்யப் போவதில்லை என்பது 2015 ஜனவரியில் வெளியே தெரிந்தது. அன்று புழக்கத்திலிருந்த ஆண்டிராய்டு போன்களில் பாதிக்கு மேல் அந்தப் பழைய வகை. நம்பகமான பக்கங்களை மட்டும் அதில் காட்டுங்கள் என்று கூகுள் எங்களுக்குச் சொன்னது.

அப்போது நான் வேலை பார்த்த இடத்தின் செயலியில் வெளி விளம்பரங்களும் வெப்வியூவில்தான் திறந்தன. அவற்றைத் தனி பிரௌசருக்கு அனுப்ப இரண்டு நாள் வேலை. மீட்டிங்கில் ஒருமுறை சொன்னேன். "வெளியே போன யூசர் திரும்பி வரமாட்டான்" என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன். மாமாவின் போனும் பழையதுதான், அந்தச் செயலியும் அதில் இருந்தது. நான் போட்டுக் கொடுத்தது.

சேர்த்துத் தைப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. பிரௌசர் என்றால் என்னவென்று மாமாவுக்குத் தெரியாது; எல்லாம் ஒன்றாக இருந்ததால்தான் அவரால் செய்தி படிக்க முடிந்தது. என் கேள்வி வேறு. சேர்ப்பதால் வரும் லாபம் ஒருவருக்கு, உடைந்தால் வரும் நஷ்டம் இன்னொருவருக்கு. அந்த இன்னொருவருக்கு அடைக்கிற வழியும் இல்லை, அப்படி ஒன்று வேண்டும் என்பதும் தெரியாது. அப்படியானால் அது தெரிந்தவனுக்கு என்ன கடமை?

ஒன்றும் நடக்கவில்லையே என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. மாமாவிடம் ஒருமுறை கேட்டேன்: ஷட்டர் துருப்பிடித்துக் கிடந்து, அந்த வருஷம் வெள்ளம் வரவில்லை என்றால் லஸ்கர் மேல் தப்பா? "வெள்ளம் வராதது மழைக்க காரியம் மக்களே. கிரீஸ் போடாதது அவனுக்க காரியம்."

அடுத்த ஓணத்துக்கு மாமாவுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று சொல்லவில்லை. அந்தச் செயலி வைத்திருந்த மற்றவர்களுக்கு யாரும் வாங்கிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.