பயம் மட்டும் மிஞ்சியது ஏன்?

ராத்திரி கூரைமேல் ஆந்தை கத்தினால் உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்? சுங்கைப்பட்டாணியோ கூலிமோ பீடோங்கோ, நான் கேட்ட இடத்தில் எல்லாம் பதில் ஒன்றுதான்: "சாவுக்குருவி கத்துது, யாருக்கு என்ன ஆகப்போகுதோ." பாட்டி சொன்னால் பரவாயில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கிற தம்பியும் அதையேதான் சொல்கிறான். அந்த ஆந்தை என்ன தின்னும், எங்கே குஞ்சு பொரிக்கும் என்று அவனிடம் கேட்டால் தெரியாது என்கிறான். பயம் தெரிகிறது, பறவை தெரியவில்லை.

இது ஏன் என்று யோசித்ததில் எழுந்ததுதான் இந்தக் கட்டுரை. முன்னோர் அறிவு என்று மேடையில் பெருமையாகப் பேசுகிறோம். அதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?

நான் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். தாத்தா பால்மரம் வெட்டியவர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் விடியும் முன்னே குண்டுக்கரிச்சான் பாடத் தொடங்கினால், "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிடுவார். மலாய்க்காரர்கள் முராய் கம்போங் என்று சொல்கிற அதே கறுப்பு வெள்ளைக் குருவிதான். தூக்கணாங்குருவி கூடு தாழ்வாகத் தொங்கினால் எங்களைக் கிட்டே போக விடமாட்டார். "சும்மா அவ்வளவு கீழ கட்டுமாடா அது? பக்கத்துல குளவியோ முசுறோ இருக்கும்" என்பார். குளவிக்கூட்டுக்கும் முசுறு எறும்புக்கும் பக்கத்தில் கூடு கட்டினால் பாம்பும் குரங்கும் சுலபத்தில் நெருங்காது. தெம்புவா தாழ்வாகக் கூடு கட்டினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று மலாயிலும் ஒரு பழமொழி உண்டு. தெம்புவா நம்ம தூக்கணாங்குருவியேதான். இரண்டு சமூகமும் ஒரே மரத்தைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. அதற்கு ஏடும் எழுத்தும் தேவைப்படவில்லை, பொறுமையாகப் பார்க்கிற கண் இருந்தால் போதும்.

அதே தாத்தாதான் ஆந்தை சத்தம் கேட்டால் உப்பையும் மிளகாயையும் அடுப்பில் போடச் சொல்வார். கூர்ந்து பார்த்த அறிவும் காதால் கேட்ட பயமும் ஒரே வாயிலிருந்துதான் எங்களுக்கு வந்தன. அதனால்தான் பிரித்துப் பார்ப்பது சிரமமாக இருக்கிறது. ஒன்றை மறுத்தால் தாத்தாவையே மறுப்பது போல ஒரு சங்கடம்.

ஆந்தை விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். கித்தா மரங்களை அழித்துச் செம்பனை நட்ட தோட்டங்களில் எலித் தொல்லை பெரிய தலைவலி. விஷம் வைத்தார்கள், அது தீரவில்லை. பிறகு பல தோட்டங்களில் கம்பம் நட்டு, அதன் மேல் மரப்பெட்டி வைத்துக் கூகையைக் குடியமர்த்தினார்கள். இதய வடிவில் வெள்ளை முகம் கொண்ட ஆந்தை அது. ஒரு சோடி, குஞ்சுகளோடு சேர்ந்து, ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இன்றைக்குச் செம்பனைக் காட்டுக்குள் போனால் அந்தப் பெட்டிகளைப் பார்க்கலாம். நிர்வாகம் வீடு கட்டிக் கொடுத்துக் கூப்பிடுகிற பறவையை லயத்துப் பிள்ளைகள் கல்லால் அடித்து விரட்டிய காலமும் உண்டு.

சாவுக்கும் ஆந்தைக்கும் எப்படி முடிச்சு விழுந்திருக்கும்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நெல்லும் அரிசியும் இருக்கிற இடத்துக்கு எலி வரும், எலி இருக்கிற இடத்துக்கு ஆந்தை வரும். அது தினமும்தான் வந்திருக்கும். ஆனால் விடியற்காலை நாலரைக்கு எழும்ப வேண்டியவர்கள் ராத்திரி அசந்து தூங்கிவிடுவார்கள், அவர்கள் காதில் விழாது. நோயாளி படுத்த படுக்கையாகக் கிடக்கிற வீட்டில்தான் விளக்கு எரியும், சொந்தக்காரர்கள் கண் விழித்திருப்பார்கள். அவர்களுக்கு மட்டும் கேட்டது. மறுநாள் உயிர் பிரிந்ததும் ஆந்தைமேல் பழி. ஆந்தை கத்தியும் யாரும் சாகாத நூறு ராத்திரிகளை எவரும் கணக்கு வைக்கவில்லை.

"இதெல்லாம் நம்ம சமயத்தில் இருக்கு, கேள்வி கேட்கக்கூடாது" என்று சிலர் சொல்வார்கள். சமயத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போமே. வடநாட்டில், குறிப்பாக வங்காளத்தில், ஆந்தை லட்சுமியின் வாகனம். நம் பஞ்சபட்சி சாத்திரத்தின் ஐந்து பறவைகளில் வல்லூறு, காகம், கோழி, மயிலோடு ஆந்தையும் ஒன்று. வள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தைத் தொடங்குவதே, பகலில் காக்கை கூகையை வென்றுவிடும் என்ற செய்தியோடுதான். அதில் பயமே இல்லை. பகலில் வெளியே வந்த கூகையைக் காக்கைகள் கூட்டமாகச் சூழ்ந்து விரட்டுவதை யாரோ நின்று பார்த்திருக்கிறார்கள். இன்றும் தோட்டத்தில் அது நடக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

காக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சனிக்கிழமை சோறு வைக்கிறோம், திதி நாளில் முன்னோராக நினைத்துக் கூப்பிடுகிறோம். நகரத்தில் நாம் பார்க்கும் சாம்பல் கழுத்துக் காகம் இந்த மண்ணின் பறவை இல்லை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்ன வைப்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளான் பக்கம் கொண்டுவரப்பட்டது. நம் ஆட்களைப் போலவே தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்ததுதான். காப்பி போய்விட்டது, காகம் தங்கிவிட்டது. காகம் பெருகிய பிறகு, அதன் கூட்டில் முட்டையிடும் குயிலும் நம் ஊர்களில் நிலைத்துவிட்டது. இப்போது குயில் விடியற்காலையில் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று தாமானில் புகார் சொல்கிறார்கள், காகம் பெருகிவிட்டது என்று நகராட்சிகள் சுடுகின்றன. சோறு வைத்த கை இதற்கு என்ன பதில் சொல்லும்? எனக்கும் தெளிவான பதில் இல்லை. குப்பையைத் திறந்து போட்டுக் காகத்தைப் பெருக்கிவிட்டு, பிறகு அதைச் சுடுவது மட்டும் நியாயமாகப் படவில்லை.

செம்போத்து விஷயம் இதைவிடக் கடுமையானது. செம்பழுப்பு இறக்கை, சிவந்த கண், புதருக்குள் "ஊப் ஊப்" என்று ஆழமான குரல். மலாயில் புட்புட். எதிரே வந்தால் நல்ல சகுனம் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. ஆனால் அதன் கூட்டில் சஞ்சீவி வேர் இருக்கும் என்ற நம்பிக்கையும் சேர்ந்தே வந்திருக்கிறது. குஞ்சின் காலை உடைத்துவிட்டால் தாய்ப்பறவை மூலிகை தேடிக் கொண்டுவந்து கட்டும், அந்த மூலிகையை எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். மலாய்க்காரர்களிடமும் இதே கதை உண்டு. எலும்பு முறிவுக்குத் தேய்க்கிற புட்புட் எண்ணெயை இந்தக் கதையைச் சொல்லித்தான் விற்கிறார்கள்.

இதையும் பாரம்பரிய அறிவு என்று சொல்லிப் பாதுகாக்க வேண்டுமா? பாதுகாக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. "பெரியவங்க சொன்னா காரணம் இருக்கும்" என்பது இங்கே எடுபடாது. ஒரு வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, ஒருவேளை அந்த வேர் உண்மையிலேயே வேலை செஞ்சா?" நல்ல கேள்வி. பறவைக் குஞ்சின் காலை உடைத்துத்தான் மருந்து கிடைக்கும் என்றால், அந்த மருந்து இல்லாமலே வலியைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நான் நினைக்கிறேன். புறாவுக்காகத் தன் சதையை அறுத்துக் கொடுத்த சிபியின் கதையைக் கேட்டு வளர்ந்துவிட்டு, அந்தத் தராசை நாம் தலைகீழாகப் பிடிக்க முடியாது. அவன் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. அவன் அம்மா கால் உடைந்து ஆறு மாதம் படுத்திருந்தவர். அதனால் நானும் அதற்கு மேல் வாதாடவில்லை.

கூண்டுக்கும் இதே கேள்விதான். மெர்போக் என்ற பெயரில் நம் மாநிலத்தில் ஓர் ஊரே இருக்கிறது. அந்தப் பெயர் கொண்ட சின்னப் புறாவைக் குரலுக்காக வளர்த்துப் போட்டி வைப்பார்கள். எந்தப் புறாவின் குரல் எப்படி என்று நுட்பமாகச் சொல்லக்கூடியவர்கள் உண்டு, அதுவும் அறிவுதான். ஆனால் குரலை ரசித்தே காட்டைக் காலி செய்ய முடியும். பாராவ்-பாராவ் என்கிற பாடும் பறவையைப் பிடித்துப் பிடித்து விற்றதில், 2018-இல் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். நம் பையன்கள் சிலருக்கு இது தெரியாது, இனி தெரியாது என்று சொல்ல வேண்டாம்.

லயத்தைவிட்டுத் தாமானுக்கு வந்தபோது நாம் எதைத் தூக்கிவந்தோம் என்று பாருங்கள். பார்க்கிற பழக்கம் மரத்தோடு, வேலையோடு இருந்தது. வேலை போனதும் அதுவும் போய்விட்டது. பயத்துக்கு மரம் வேண்டாம், நடு ராத்திரியும் ஒரு சத்தமும் போதும். அதனால் அது நம்மோடு சுலபமாக வந்துவிட்டது.

தோட்டத்தில் இருந்த பெரியவர்கள் இன்னும் பலர் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் சகுனம் கேட்காதீர்கள், அதைக் கேட்காமலே சொல்வார்கள். அந்தக் குருவி எங்கே கூடு கட்டும், எந்த மாதத்தில் வரும், எதைத் தின்னும், தமிழில் என்ன பெயர், மலாயில் என்ன பெயர் என்று கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். போன வாரம் கோலகெட்டிலில் இருக்கும் என் அத்தையிடம் நான் உட்கார்ந்தேன். மீன்கொத்திக்கும் நீர்க்கோழிக்கும் மடமடவென்று சொன்னார். மூன்றாவதாக ஒரு குருவியின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இது நம்ம ஆத்தோரம் வரும்ப்பா. பேரு வாயில இருக்கு, வரமாட்டேங்குது. உங்க மாமா இருந்திருந்தா சொல்லியிருப்பாரு" என்றார்.