பழமலைநாதரின் வன்னி

மாசி மகத்துக்கு ஆலத்தியூரிலிருந்து செந்துறை வழியாக விருத்தாசலம் போவது எங்கள் வீட்டு வழக்கம். பழமலைநாதர் சந்நிதியில் தீபாராதனை கண்டு, தலவிருட்சமான வன்னியின் முன் வந்து நின்றால் எனக்குக் கண் நிறைந்துவிடும். அப்பனே, உள்ளே லிங்கமாய் இருப்பவனும் நீ, இங்கே இலையாய் அசைபவனும் நீ!

விபசித்து முனிவர் திருப்பணி செய்தபோது இந்த இலையைத்தான் கூலியாக அள்ளிக் கொடுத்தாராம். அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னானது என்கிறது தலபுராணம். உதிர்ந்த இலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உற்றுப் பார்ப்பேன். ஒரு காம்பில் பெரும்பாலும் இரண்டு இணைக் கிளைக்காம்புகள். ஒவ்வொன்றிலும் 7 முதல் 14 இணைச் சிற்றிலைகள். இத்தனை நுணுக்கமாய் அடுக்கியவன் அதைப் பொன்னாக்கியதில் என்ன வியப்பு?

வேரை நினைத்தால் உடல் சிலிர்க்கிறது. நீரைத் தேடி 30 மீட்டருக்கும் கீழே இறங்கும். வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணை வளமாக்கும். ராஜஸ்தான் பாலையில் இதன் அடியிலேயே கம்பு விளைகிறது. அந்த மரத்தைக் காக்க 1730இல் அங்குள்ள கேஜர்லி கிராமத்தில் அம்ருதா தேவி உட்பட 363 பிஷ்னோய் மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்தபடி உயிர் விட்டார்கள். அவர்கள் பாதம் பணிகிறேன். பக்தி என்றால் அது!

அரபு நாடுகள், ஈரான், பாகிஸ்தான், இந்தியா என்று வறண்ட நிலமெல்லாம் இறைவன் இந்த மரத்தை நிறுத்தியிருக்கிறான். தாவரவியலாளர் லின்னேயஸ் 1767இல் புரோசோபிஸ் என்ற பேரினத்தை வகுத்ததே வன்னியை வைத்துத்தான். பிறகு அமெரிக்க மரங்கள் பலவற்றையும் அதில் சேர்த்தார்கள். 2022இல் தாவரவியலாளர்கள் அவற்றைப் பிரித்து வேறு பேரினங்களில் வைத்தார்கள். நம் ஏரிகளை அடைத்துக் கிடக்கும் சீமைக்கருவேல் நெல்டுமா ஆனது. பழைய பெயரில் மிஞ்சியவை மூன்றே இனங்கள். அதில் நம் வன்னி ஒன்று.

ஆனால் முள்ளைப் பார்த்ததும் இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் உண்டு. சீமைக்கருவேலுக்கு முள் கணுவில் இணையாக இருக்கும். வன்னிக்குக் கணுக்களின் இடையே சிதறி நிற்கும். ஏரியைச் சுத்தம் செய்யும் ஊர்க்காரர்களே, அரிவாளை ஓங்குமுன் கணுவைப் பாருங்கள். வன்னி என்றால் ஒரு கும்பிடு போட்டு விட்டுவிடுங்கள். சீமைக்கருவேலை வெட்டிய இடத்தில் வன்னி விதை ஒன்றை ஊன்றுங்கள்.