சுவிட்சைப் போட்டுவிட்டு…

ராத்திரி பதினொரு மணி. பாலக்கரை ரவுண்டானாவின் பஸ் இரைச்சல் கொஞ்சம் அடங்கியிருந்தது. மாடி அறையில் ஒரு ஆல்பத்தை ஓடவிட்டு விளக்கை அணைத்தேன். முதலில் 'ம்ம்ம்…' என்று ஒரு ரீங்காரம். எங்கோ தூரத்தில் சொட்டுச் சொட்டாக ஒரு ஒலி. அப்புறம் காற்றா, அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று.

கீழேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: ''என்னங்க, ஃபிரிட்ஜ் மறுபடியும் ரிப்பேரா?''

ஃபிரிட்ஜ் இல்லை சாமி, அகமதாபாத்! அங்கே உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு 1969-ல் மூக் சிந்தசைஸர் ஒன்று வந்தது. டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் வந்து ஸ்டுடியோவை அமைத்துக் கொடுத்தார். 1946-லேயே ஜான் கேஜுக்கு நம் சங்கீதம் சொல்லிக்கொடுத்த கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ்.மாத்தூர் என்று சிலர் 1972 வரை அதில் பதிவுகள் செய்தார்கள். அதன்பின் டேப்புகள் அலமாரியில் தூங்கின. பிரிட்டனைச் சேர்ந்த பால் பர்கஸ் அவற்றைத் தேடி எடுத்து, 2023-ல் 'தி என்.ஐ.டி. டேப்ஸ்' என்ற ஆல்பமாகக் கொண்டுவந்தார். ஐம்பது வயதில் ஒரு புது ஆல்பம்!

இன்ஜினீயரிங் படிக்கும் அக்கா மகனுக்கும் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டான். ''மனசு என்னவோ பண்ணுது மாமா. ஆனா, மெஷினுக்கு ஏது சோகம்? அப்ப நாம ஏமாந்துட்டோமா?''

நியாயமான கேள்வி. ஆனால், வயலினும் மரமும் கம்பியும்தானே? அதற்கு மட்டும் சொந்தமாக ஒரு துக்கம் இருக்கிறதா என்ன? ஆர்மோனியத்தை கமகம் வராத அந்நியப் பெட்டி என்று அகில இந்திய வானொலி 1940-லிருந்து 1971 வரை வாசலிலேயே நிறுத்தி வைத்தது. இன்றைக்கு அது இல்லாத பஜனை உண்டா? விடிகாலையில் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் நடந்து பாருங்கள். பாட்டு கற்றுக்கொள்ளும் வீட்டில் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி இழையும். அதுவும் சிந்தசைஸருக்கு ஒரு வகையில் தங்கச்சிதான். தம்புராவுக்குத் துரோகம் என்று யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை.

ஆக, மெஷின் நிரபராதி. கேஸ் முடிந்ததா? முடியவில்லை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்னக் கோயில். தீபாராதனை நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் மோட்டார் சுற்றி, மேளமும் மணியும் தானாக முழங்கும். முன்பு அதை அடிக்க ஒரு பெரியவர் வருவார். இப்போது கரன்ட் இல்லாத நாளில் மட்டும்தான் சாமிக்கு மனுஷன் அடிக்கிறான்!

இதைக் கிண்டல் பண்ண எனக்கு யோக்கியதை இல்லை. அம்மா படுத்த படுக்கையாக இருந்த மாதங்களில், மந்திரம் சொல்லும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கித் தலைமாட்டில் வைத்தேன். விலை முந்நூறு ரூபாய். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு ஆபீஸ் போனால் ராத்திரிதான் வருவேன். பேச்சுத்துணைக்கு ஆள் போட்டால் மாசம் என்ன ஆகும்? பி.காம். மூளை கணக்குப் போட்டு, நல்ல லாபம் என்று சொன்னது.

ஒருநாள் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அம்மா மெதுவாகச் சொன்னாள்: ''அதை நிறுத்துப்பா. காலையிலேர்ந்து பேசிக்கிட்டே இருக்கு. நான் ஒண்ணு சொன்னா கேக்க மாட்டேங்குது.''

என்ன சொல்ல நினைத்தாள் என்று அன்றைக்குக்கூட நான் கேட்கவில்லை. களைப்பு. ''நாளைக்குப் பேசலாம்மா'' என்றேன்.

மாப்பிள்ளைக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. அந்தக் கால மூக்கில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். சூடு ஏறினால் சுருதி நழுவும். ஒயரைப் பிடுங்கி, வேறு துளையில் செருகி, குமிழை மயிரிழை திருகி, மறுபடி காது கொடுக்க வேண்டும். போட்டுவிட்டுப் போக முடியாத மெஷின் அது. யாரோ ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஐம்பது வருஷம் கழித்து நம்மைத் தொடுகிற சோகம் அந்த மனிதருடையது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. என் முந்நூறு ரூபாய்ப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் ஆள் இல்லை.

உங்கள் வீட்டிலும் வயசானவர்கள் முன்னால் டி.வி.யோ செல்போனோ ஓடிக்கொண்டிருக்கும். ஓடட்டும். சுவிட்சைப் போடுவது பாவமில்லை. போட்டுவிட்டு நாம் எங்கே போகிறோம் என்பதை மட்டும் அவ்வப்போது கேட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பெட்டி இன்னும் பீரோவில் இருக்கிறது. போட்டால் பேசும். நான் போடுவதில்லை.