இன்னொரு கையெழுத்து

சினிமா பிறந்த வருடத்தில் எடுத்த படம் அது. ஹீரோ கிடையாது, கதை கிடையாது. தொழிற்சாலையின் கதவு திறக்கிறது. வேலை முடிந்த ஆட்கள் கும்பலாக வெளியே வருகிறார்கள். அவ்வளவுதான் படம். 1895-ல், பிரான்ஸின் லியோன் நகரில் லூயி லூமியேர் எடுத்தது.

அது யாருடைய தொழிற்சாலை என்கிறீர்கள்? லூமியேர் குடும்பத்துடையதுதான். முதலாளி கேமராவுக்குப் பின்னால், தொழிலாளி முன்னால். இந்தப் படத்துக்கு மூன்று வடிவங்கள் இருக்கின்றன. அதாவது, 'இன்னொரு தடவை வாங்கப்பா' என்று திரும்பத் திரும்ப நடக்கவிட்டிருக்கிறார்கள். முதலாளி கேட்டால் மாட்டேன் என்றா சொல்வார்கள்?

அதே காட்சியை நெய்வேலியில் ஒவ்வொரு ஷிஃப்ட் முடியும்போதும் பார்க்கலாம். 1957-ல் நேரு தொடங்கிவைத்த சுரங்கம். வட்டம் வட்டமாகப் பிரித்த, மரநிழல் நிறைந்த டவுன்ஷிப். இங்கே குவார்ட்டர்ஸில் வளர்ந்த ஒரு பையன் சினிமா படிக்கப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்த 'ஊமை விழிகள்' 1986-ல் ஓடு ஓடென்று ஓடிய பிறகு, அந்தப் படிப்பின் மேல் ஒரு மரியாதை வந்தது. இன்று தரமணி அரசு திரைப்படக் கல்லூரியில் அது நான்கு வருடப் பட்டப்படிப்பு. இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, எடிட்டிங் எல்லாமே செய்து பழகி வர வேண்டியவை. லென்ஸ் மாற்றிப் பார்த்தால்தான் லென்ஸ் புரியும்.

கடைசி வருடம் ஒரு படம் எடுத்துக் காட்ட வேண்டும். பையன் ஊருக்கு வருகிறான். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஒரு பெரியவரிடம் போகிறான். பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று உடைந்து அழுகிறார். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. வெளிச்சம் பிரமாதம். ஃபோகஸ் கச்சிதம்.

இப்போது அவன் என்ன செய்ய வேண்டும்?

'எடுக்கத்தான் வேண்டும்' என்பீர்கள். நியாயம்தான். 2023 ஜூலையில் வளையமாதேவியில், என்.எல்.சி.யின் கால்வாய் வேலைக்காகப் பச்சை நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. நிலத்தை எப்போதோ கையகப்படுத்தியாயிற்று என்றது நிறுவனம். வளர்ந்த பயிரை அறுக்கவாவது விடக் கூடாதா என்றார்கள் விவசாயிகள். வீடியோ மட்டும் இல்லையென்றால், அது உள்பக்கத்தில் ஒரு துண்டுச் செய்தியாகப் போயிருக்கும்.

ஆனால் பயிர் நசுங்குவதைக் காட்டுவது வேறு, ஒரு மனிதர் நசுங்குவதைக் காட்டுவது வேறு. அந்த அழுகையால் பையனுக்கு மார்க் கிடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் திரைப்பட விழாவில் பரிசும் கிடைக்கும். பெரியவருக்கு என்ன கிடைக்கும்?

'ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் போச்சு' என்று யாராவது சொல்லலாம். சட்டத்துக்கு அது போதும். ஆனால் யாரிடம் கேட்கிறோம் என்று யோசியுங்கள். அவர் ஏற்கெனவே பல காகிதங்களில் கையெழுத்துப் போட்டவர். அதன் பிறகுதான் நிலம் போனது. இப்போது முகத்துக்கு இன்னொரு கையெழுத்து. நிலத்துக்காவது ஒரு தொகை என்று பேசினார்கள்.

இதில் இன்னொரு சிக்கல். பையன் வீட்டு ஃபேன் ஓடியது அந்த நிலக்கரியில்தான். அவனைப் படிக்கவைத்ததும் அப்பாவின் சுரங்கச் சம்பளம்தான். 'அப்ப அவனுக்கு என்ன யோக்கியதை இருக்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவன்தான் எடுக்க வேண்டும். ஆனால், தான் எந்த வீட்டுப் பிள்ளை என்பதையும் படத்தில் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும்.

1961-ல் வெளிவந்த ஒரு பிரெஞ்சுப் படத்துக்காக ழான் ரூஷ், எட்கர் மொரேன் என்ற இரண்டு பேர் ஒரு காரியம் செய்தார்கள். பாரீஸில் சாதாரண மனிதர்களைப் பேசவைத்துப் படமெடுத்தார்கள். பிறகு அவர்களையே உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார்கள். சிலருக்குப் பிடித்தது, சிலருக்கு எரிச்சல். அந்தச் சண்டையையும் படத்தில் சேர்த்துவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், அந்தப் பையனுக்கும் இதுதான் வழி. முதல் காட்சி அந்தப் பெரியவர் வீட்டுத் திண்ணையில். பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டட்டும். 'நான் அழுதது வேணாம் தம்பி, எடுத்துடு' என்றால், எடுத்துவிட வேண்டும்.

'அப்படியென்றால் இயந்திரத்தை அனுப்பிய அதிகாரியும் வேண்டாம் என்றால் வெட்டிவிடுவதா?' நல்ல கேள்வி. கூடாது. அதிகாரி தன் பதவியில் இருந்து செய்த காரியத்துக்கு ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். மறுப்புச் சொல்ல அவருக்கு அறிக்கை இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். பெரியவருக்கு இருப்பது அந்த ஒரு 'வேணாம்' மட்டும்தான்.

அதைக் கேட்டால் படத்தின் மிக நல்ல ஷாட் போய்விடும். மார்க்கும் குறையலாம். ஏன் குறைந்தது என்று மார்க் ஷீட்டில் எழுத இடம் கிடையாது. அந்தப் பெரியவருக்கு மட்டும் தெரிந்திருக்கும்.