கறுப்பெல்லாம் சொத்தையா?

காரைக்குடியை அடுத்த கோவிலூர் மடம் வேதாந்தம் கற்பித்த இடம். கயிறு எப்படிப் பாம்பாகத் தெரிகிறது என்பது வேதாந்தப் பாடத்தின் பழைய கேள்வி. பல் எக்ஸ்ரேயைப் பார்க்கும் மருத்துவரையும் அந்தக் கேள்வி விடுவதில்லை.

எக்ஸ் கதிரை ராண்ட்ஜன் கண்டறிந்தது 1895-இல். படத்தில் எனாமல் வெளுப்பாகவும், உலோக அடைப்பு பளிச்சென்ற வெள்ளையாகவும், சொத்தை கருமையாகவும் விழும்.

ஆனால் கறுப்பெல்லாம் நோயல்ல. கீழ்த்தாடையில் முன்கடைவாய்ப் பல்லின் வேர்நுனியருகே வட்டமாக ஒரு கருமை தெரியும். சீழ்க்கட்டி என்று பதறத் தோன்றும். பெரும்பாலும் அது நரம்பு வெளிவரும் இயல்பான துளைதான். கோணத்தை மாற்றி இன்னொரு படம் எடுத்தால் துளை வேரைவிட்டு விலகும். கட்டி வேர்நுனியோடே நிற்கும்.

அருணந்தி சிவாச்சாரியார் 13-ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரில் காண்டல், கருதல், உரை என அறிவுக்கு மூன்று அளவைகளை வகுத்தார். படத்தில் தெரியும் கருமை காண்டல். நோய் என்று முடிவெடுப்பது கருதல். உரை அவருக்கு ஆகமம். மருத்துவருக்கோ, “பச்சத்தண்ணி பட்டாக் கூசுது” என்னும் நோயாளியின் வாய்மொழி.

படத்தை மட்டும் காட்டி வேர் சிகிச்சை வேண்டும் என்றால், பல்லைத் தட்டிப் பார்த்தீர்களா, குளிர்ச் சோதனை செய்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.